கழட்டிப் போட்ட ரயில்

முதலில் மண்ணெண்ணெய்ப் புகை மணந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார் வருவதைக் காதுக்கு முன்னம் மூக்கு கண்டுபிடித்துவிடும். பெற்றோல் இல்லாத ஊரில் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கோப்பாயில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு கார் திரும்புகிறது என்றால் ஒன்று கலியாண அலுவல், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி அலுவல்.

நான் முன் அறையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் விரித்த பேப்பரில் ஒரு ரயில் எஞ்சின் இருபத்தாறு துண்டாகக் கிடந்தது. பத்து விரலும் எண்ணெய்.

யன்னலால் எட்டிப் பார்த்த அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ பிள்ளை, இணுவில் ஆக்களடி!"

இணுவில் ஆக்கள் என்றால் எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய். அந்த எஞ்சின், மாப்பிள்ளை ஜேர்மனியிலிருந்து அனுப்பியது. சம்பந்தம் இன்னும் முற்றாகவில்லை. முற்றாகும்வரை மாப்பிள்ளை வீட்டுச் சாமானில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. பேச்சுக் குழம்பினால் வந்தது வந்தபடி திருப்பிக் கொடுக்கவேண்டும். நானோ அதன் குடலை உருவி வெயிலில் காயவைத்து எடுத்திருந்தேன்.

இதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வரவேண்டும். சோப் இல்லாமல் பனங்காயில் உடுப்புத் தோய்த்த காலம் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதற்கு, "அக்கா, உங்களுக்கு நேர்வழியில் ஒரு கதை சொல்லத் தெரியாதா?" என்று ஒரு வாசகர் கோபித்திருந்தார். தெரியாது தம்பி. பொறுமை இருந்தால் கூட வாருங்கள்.

உடைந்து வந்த பரிசு

என் அண்ணை என்னைவிட ஏழு வயது மூத்தவர். ரயில்வேயில் சிக்னல் வயர்கள் பார்க்கிற வேலை. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து இறங்கினார். ஒரு மாதமாக யாரோடும் கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பார், சோறு ஆறிப்போகும். அவரை எப்படியாவது கதைக்க வைக்கவேண்டுமென்று லண்டனில் இருந்த எங்கள் மாமா ஒரு பார்சல் அனுப்பினார்.

பெட்டியின் மேலே புகை கக்கிக்கொண்டு வரும் ஓர் எஞ்சினின் படம். திறந்தால் எஞ்சினைக் காணவில்லை. சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் சட்டங்களில் சின்னச் சின்னத் துண்டுகள் கொழுவிக் கிடந்தன. கூடவே ஒரு படத்தாள், ஒரு பசைக் குழாய்.

"கொம்மானுக்கு உடைஞ்சதோ கிடைச்சது?" என்று அம்மா கேட்டார். லண்டனில் இருக்கிற தம்பி இப்படி ஏமாந்து போனானே என்று அவருக்கு உண்மையிலேயே கவலை.

அண்ணை ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

"இல்லையம்மா. இதை நாங்கள்தான் ரயிலாக்க வேணும்."

ஆனால் அண்ணையின் விரல்கள் மொத்தம். தந்திக் கம்பி முறுக்கிப் பழகிய விரல். சில்லுக்குக் கொழுவுகிற தண்டு ஒன்றை முதல் நாளே முறித்துவிட்டார். நான் அப்போது வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "விடுங்கோ அண்ணை, கொக்கி தைக்கிற கைக்கு இது பெரிய வேலையோ?" என்று கேட்டு வாங்கினேன். வாங்கியது வாங்கியதுதான், பிறகு திருப்பிக் கொடுக்கவேயில்லை.

எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். சட்டைத் துணி வெட்டி அடுக்குவது மாதிரி, பேப்பரை விரித்து, முதலில் வேண்டிய துண்டு இடது மூலையில், கடைசியில் வேண்டியது வலது மூலையில். ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலால் இலக்கம். பிளேட்டால் நறுக்கி, நகம் ராவுகிற அரத்தால் ராவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவேன். அந்த நேரத்தில் யாரும் தும்மவும் கூடாது. பசை முடிந்தபோது சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்ரிக்கையே நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரில் கரைத்துப் பசையாக்கினேன். அந்த மணம் தலையை இடிக்கும். இன்றைக்கு எங்காவது அந்த மணம் வந்தால் நான் நின்றுவிடுவேன், அவ்வளவு விருப்பம்.

மாமா ஐந்தாறு வருடம் இப்படி அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று எஞ்சின், எட்டுப் பெட்டி, ஒரு ஸ்ரேசன். எங்கள் வண்டிகளுக்கு மோட்டர் இல்லை, ஓடாது. கண்ணாடி அலுமாரியில் வரிசையாக நிற்கும். அயலட்டைச் சனம் பார்க்க வரும். "தம்பியின்ரை கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும்" என்பார்கள். முதல் வருடம் அண்ணை, "தங்கச்சியும் உதவி செய்தவள்" என்று சொன்னார். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டார். எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் இந்தப் பேனை ஒடிந்துபோகும்.

பிறகு சண்டையில் உண்மையான ரயிலே நின்றது. மின்சாரமும் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குக் கூரையாகிப் போயின. எங்கள் வளவுப் பங்கரிலும் இரண்டு சிலிப்பர் கட்டை இருந்தது. குண்டு போடுகிற பொம்மர் சத்தம் கேட்டு நாங்கள் விழுந்தடித்து இறங்குகிற நேரத்திலும் அண்ணை அந்தக் கட்டையை ஒருதரம் கையால் தடவிவிட்டுத்தான் உள்ளே வருவார். மாமாவின் பார்சல்களும் வருவதில்லை. அலுமாரிக்குள் எங்கள் வண்டிகளில் தூசி ஏறியது.

பெட்டியைத் திறந்தால் ரயில்

எனக்கு முதலில் பேசிய இரண்டு சம்பந்தமும் குழம்பிப் போயின. ஒன்று சாதகத்தில், மற்றது சீதனத்தில். எனக்கென்றால் அது பெரிய துக்கமில்லை. ஆனால் தாவடியில் ஒரு ரீச்சர் எங்கள் அண்ணைக்காக நாலு வருடமாகக் காத்திருந்தா. வீட்டில் குமர் இருக்க ஆண்பிள்ளை கலியாணம் முடிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. என் கழுத்தில் தாலி ஏறினால்தான் அந்த ரீச்சர் கழுத்தில் ஏறும். அவவின் தகப்பன் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றும் கதை வந்தது. அண்ணை இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாததுதான் என்னைத் தின்றது.

அப்போதுதான் இணுவில் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜேர்மனியில். பெயர் குமார். சாதகம் பொருந்திவிட்டது. "பொம்பிளையின்ரை தமையன் ரயில் செய்யிறதிலை விண்ணன்" என்று தரகர் அவிழ்த்துவிட்டிருக்கிறார். மாப்பிள்ளையும் மைத்துனனாகப் போகிறவரைக் குளிரப்பண்ண வேண்டுமென்று ஒரு ரயில் வாங்கி அனுப்பிவிட்டார்.

அது கொழும்புக்கு வந்து, தெரிந்த ஒருவரின் பையில் ஏறி, சோதனைச் சாவடியில் கரண்ட் குடுக்கிற கறுப்புப் பெட்டியைப் பறிகொடுத்து, கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கடல் தாண்டி வந்த ரயில் என்று அண்ணை பகிடி விட்டார்.

மூடியைத் திறந்தோம். உள்ளே துண்டுகள் இல்லை. ரயில் இருந்தது. அப்படியே முழு ரயில். பச்சை எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளம்.

உண்மையைச் சொல்லவேண்டும். நான் ஐந்தாறு வருடம் கண்ணைக் கெடுத்துச் செய்த எதுவும் அதற்குக் கிட்ட நிற்காது. கதவுக்குக் கைபிடி இருந்தது. எள்ளிலும் சின்னதாக இலக்கம் எழுதியிருந்தது. பெட்டிக்குள் ஆசனம், ஆசனத்தின்மேல் சாமான் தட்டு. எனக்குப் பொறாமையில் அழுகை வந்தது. நான் செய்வதற்கு அதில் ஒன்றையும் மிச்சம் விடவில்லையே என்ற அழுகையும் அதற்குள் இருந்தது.

இப்போது எல்லாம் அப்படித்தான் வருகின்றன. கூவுகிறது, புகை விடுகிறது, போனில் தட்டினால் நிற்கிறது. துண்டு துண்டாக வருகிற பெட்டி இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரப் பெடியன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான். "அன்ரி, அதையெல்லாம் ஆர் இப்ப இருந்து ஒட்டினம்?" என்கிறான். அவன் கேட்பதும் நியாயம்தான். ஆனால் இந்த வண்டிகளை வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பின்னேரம் ஓடவிடுவார்கள். பிறகு அடுத்த வண்டி வாங்க யோசிப்பார்கள். எனக்கு ஒரு எஞ்சின் எட்டு மாதத்துக்குப் போதும்.

அம்மா ரயிலை மூடி திறந்த பெட்டியோடு கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். வெளிநாட்டுச் சாமானுக்கு எங்கள் வீடுகளில் அதுதான் விதி. பாவிப்பதற்கில்லை, பார்ப்பதற்கு. சம்பந்தம் வேறு முற்றாகவில்லை.

ஒன்பதாம் நாள் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். எஞ்சின் சில்லில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பெட்டியின் அடி மட்டையைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று கெஞ்சித் திறப்பை வாங்கி விரலால் தடவி நக்கிப் பார்த்தேன். உப்பு. வள்ளத்தில் கடல் உள்ளே வந்திருக்கிறது.

உப்பு என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கம் போய்வருகிற சைக்கிள்களின் றிம்மைப் பார்த்தால் போதும்.

"அண்ணை, இதைக் கழட்டிக் கழுவாட்டி ரெண்டு மாசத்திலை உள்ளுக்கு எல்லாம் தின்றுபோடும்."

"சும்மா இரு. முற்றாகட்டும், பிறகு பாப்பம்."

ஜேர்மனிக் கடிதம் போய்வர இரண்டு மாதம். முற்றாவது எப்போது? நான் பொறுத்துப் பார்த்தேன். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் அம்மா கிணற்றடியில் நிற்க, கொடியில் கிடந்த சேலைத் தலைப்பில் முடிச்சை அவிழ்த்துத் திறப்பை எடுத்தேன். தையல் மெசினின் சின்னத் திருப்புளி அதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. கழட்டினேன், நல்ல தண்ணீரில் கழுவினேன், காயவைத்தேன், மெசின் எண்ணெய் துளித்துளியாகப் போட்டேன். கண்டுபிடித்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "குரங்கின்ரை கையிலை பூமாலை குடுத்த கதைதான்!" என்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் புகை மணந்தது.

சுளகுக்குள் போன எஞ்சின்

அம்மா யோசிக்கவில்லை. பேப்பரின் நாலு மூலையையும் சேர்த்து அள்ளி அரிசி புடைக்கிற சுளகுக்குள் கொட்டி, மேலே ஒரு சேலையைப் போட்டு மூடினார். என் இருபத்தாறு இலக்கமும் ஒரே நொடியில் சாம்பாராகிப் போயின.

"அம்மா!"

"வாயை மூடு! போய்க் கையைக் கழுவு!"

இணுவில் அம்மா தனியாகத்தான் வந்தார். கட்டையான உருவம், நெற்றி நிறையத் திருநீறு.

"நல்லூருக்கு வந்தனான். அப்பிடியே ஒருக்கா எட்டிப் பாப்பமெண்டு" என்றபடி கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண் நேரே கண்ணாடி அலுமாரிக்குத்தான் போனது.

"எங்கை, என்ரை மோன் அனுப்பின ரயில்? கண்ணாலை ஒருக்காப் பாத்திட்டுப் போறன். எனக்கு அவன் படம் மட்டும்தான் அனுப்பினவன்."

அலுமாரியில் நடுத்தட்டு வெறுமையாகக் கிடந்தது.

"அது... மகன் சுத்தம் செய்யிறதுக்கு எடுத்தவன்" என்றார் அம்மா.

அப்போதுதான் அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார், என் எண்ணெய்க் கையைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

"ஓமம்மா, நான்தான் கழட்டினனான். கடல் தண்ணி பட்டுப்போச்சு."

"கழட்டியாச்சோ?" இணுவில் அம்மாவின் குரல் கொஞ்சம் ஏறியது. பிறகு தானே இறங்கியது. "சரி, ஆம்பிளையள் அப்பிடித்தான். நீங்கள் தெரிஞ்ச ஆள் எண்டபடியாலைதானே அவன் அனுப்பினவன். திருப்பிப் பூட்டுங்கோ தம்பி, இருந்து பாத்திட்டுப் போறன். காரை நிக்கச் சொல்லியிருக்கு."

சுளகு வந்தது. அண்ணை பாயில் உட்கார்ந்து திருப்புளியைக் கையில் எடுத்தார். முதல் ஆணி நழுவிப் பாயில் விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. அவர் நெற்றியில் வேர்வை. அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையோடு அசையாமல் நின்றார். அவர் இப்படியே இருந்து தடவினால் உடைத்துவிட்டார் என்று ஆகும். நான் எழும்பிப் போனால் அவரைப் பொய்யர் ஆக்கினதாகும். இரண்டிலும் போவது தாவடி ரீச்சரின் கலியாணம்.

அண்ணை திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு இணுவில் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, நான் பொய் சொல்லிப்போட்டன். கழட்டினது தங்கச்சி. இந்த அலுமாரிக்குள்ளை நிக்கிற எல்லாம் அவள் செய்தது. எனக்கு வயர் வேலை மட்டும்தான் தெரியும்."

பத்து வருடம் நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. கேட்டபோது சந்தோசமே வரவில்லை. பாவி மனுசன், இன்றைக்கா சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது.

இணுவில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பொம்பிளை பார்க்கிற பார்வை இல்லை அது.

"அப்ப நீ வந்து பூட்டு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். புதுப் பேப்பர் விரித்தேன். இலக்கம் இல்லாமல், படத்தாள் இல்லாமல், ஒவ்வொரு துண்டாக எடுத்து அதன் இடத்தைக் கண்டுபிடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோனது. வைத்து முடித்தால் இருபத்தைந்து. மோட்டருக்குள் உரசுகிற சின்னக் கரித்துண்டு ஒன்றைக் காணவில்லை. சுளகின் பொத்தலுக்குள்ளால் எங்கேயோ போய்விட்டது. அது இல்லாமல் ஓடாது.

"செத்த பற்றறி ஒண்டு தாங்கோ அண்ணை."

அந்தக் காலத்தில் செத்த பற்றறியை யாரும் எறியமாட்டார்கள். பற்றறி ஊருக்குள் வரவே தடை இருந்தது. அண்ணை ஒன்றை உடைத்து நடுவிலிருந்த கரிக் குச்சியை எடுத்துத் தந்தார். ஒரு நுனியை நறுக்கி, நக அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடியும் ராவி, அரைமணித்தியாலம் போயிருக்கும். கடைசியில் கரித்துண்டின் பின்னால் ஒரு சுருள் கம்பியை அமத்திக்கொண்டு மூடியை இறுக்கவேண்டும். அதற்கு மூன்று கை வேண்டும். என்னிடம் இரண்டுதான் இருந்தது.

"இதை ஒருக்கா அமத்திப் பிடியுங்கோ மாமி."

வாய் தவறி வந்துவிட்டது. முற்றாகாத சம்பந்தத்தில் மாமி! அம்மா தலையில் கை வைத்தார்.

இணுவில் அம்மா கதிரையிலிருந்து இறங்கிப் பாயில் இருந்து, சுட்டுவிரலால் அமத்திப் பிடித்தார். நான் ஆணியை இறுக்கினேன்.

சிவப்புச் சீமெந்து நிலத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினோம். அண்ணை சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். றேடியோ கேட்பதற்கென்று டைனமோவில் அவர் முன்னமே வயர் எடுத்து வைத்திருந்தார். அதைத் தண்டவாளத்தில் கொழுவி மிதியைக் கையால் சுற்றினார். எஞ்சின் ஒருதரம் நடுங்கியது. பிறகு மெல்ல நகர்ந்தது. அண்ணை வேகமாகச் சுற்ற வேகமாக ஓடியது, களைத்து ஆற ஊர்ந்தது. கோப்பாயில் ஒரு ரயில் மூன்று வட்டம் சுற்றியது.

இணுவில் அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்தார். சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. எழும்பும்போது ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தினை துண்டு?"

"இருபத்தாறு."

"ம். நான் மோனுக்கு எழுதிறன்."

அவ்வளவுதான். கார் புகைத்துக்கொண்டு போனது.

ஏழு கிழமை

ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள், ஒரு சத்தமும் இல்லை. அம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தரகரும் ஒழுங்கைப் பக்கம் வரவில்லை. தாவடியிலிருந்து ஒரு கதையும் இல்லை. அண்ணை மட்டும் ஒரு நாள் கிணற்றடியில் வைத்து, "நீ செய்தது சரி தங்கச்சி, உப்புப் பட்டால் கழட்டத்தான் வேணும்" என்றார். நான் வாளியை விட்டுவிட்டு அழுதேன்.

எட்டாம் கிழமை கடிதம் வந்தது. இதற்கு முதல் ஜேர்மனியிலிருந்து வந்த கடிதமெல்லாம் அண்ணையின் பெயருக்குத்தான் வந்தது. இது என் பெயருக்கு. அம்மா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "முறையில்லாத வேலை" என்று முணுமுணுத்தார். ஆனால் தந்தார்.

எழுத்து கோணல்மாணல். ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி விரல் விறைத்துப் போகிறது, எழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும் என்று முதல் வரியிலேயே இருந்தது.

"அம்மா எல்லாம் எழுதினவ. சம்பந்தத்திலை அவவுக்கும் எனக்கும் சம்மதம், மிச்சம் உங்கடை சொல். உண்மையைச் சொல்லுறன். அந்த ரயிலை நான் உங்கடை அண்ணைக்கெண்டு வாங்கேல்லை. ஒரு கடைக் கண்ணாடிக்குள்ளை அது சுத்திக்கொண்டு இருந்தது. வேலை முடிஞ்சு வரேக்கை ஒவ்வொரு நாளும் குளிருக்குள்ளை நிண்டு பாப்பன். அது ஊருக்குப் போற ரயில் மாதிரி இருந்தது. வாங்கின பிறகு பெட்டியைத் திறக்கப் பயமாயிருந்தது. என்ரை கையாலை ஏதும் நடந்திடும் எண்டு. ஆறு மாசம் கட்டிலுக்குக் கீழை வைச்சிருந்தன். பிறகுதான் அனுப்பினனான். நீங்கள் திறந்து பாத்திட்டியள். அதுக்குள்ளை என்ன இருக்கு? எனக்கு எழுதுவியளோ?"

மூன்று சம்பந்தம் பேசினார்கள். என் நிறத்தைக் கேட்டார்கள், நட்சத்திரத்தைக் கேட்டார்கள், காணியைக் கேட்டார்கள். எல்லாம் அம்மாவிடமும் அண்ணையிடமும் கேட்டார்கள். என்னிடம், எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி, ஒரு ஆண்பிள்ளை கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னவாம்?" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டார். அண்ணை சைக்கிளைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றார், உள்ளே வரவில்லை.

"ஓமெண்டு எழுதப் போறன்" என்றேன்.

ஆனால் ஓம் என்பதைக் கடைசிப் பக்கத்துக்கு வைத்துக்கொண்டேன். ஒன்பது பக்கக் கடிதம் அது. இப்படித்தான் தொடங்கினேன்: "அடிப் பக்கத்தில் நாலு ஆணி இருக்கு. மூன்று ஒரே அளவு. நாலாவது கொஞ்சம் கட்டை, அதை மாறிப் பூட்டிவிடாதேங்கோ."